ஆயா கேட்ட கேள்வி

விழுப்புரத்துக்கு வடமேற்கே, வயல்களுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிறது பனமலை. ஊரை ஒட்டிய குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். பல்லவ மன்னன் இராஜசிம்மன் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்கோயில் அது. அங்கே பக்கச் சன்னதி ஒன்றின் சுவரில் ஓர் அம்மனின் ஓவியம் உண்டு. தலையில் மகுடம் அணிந்து, ஒரு காலை மடித்து, ஒயிலாக நிற்கிறாள். சுதை பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. வண்ணமும் மங்கிவிட்டது. ஆனால் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கடந்தும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது!

அவள் தலைக்கு மேலே ஒரு குடையும் வரையப்பட்டிருக்கிறது. அந்தக் குடையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் அது நமக்குத் தேவைப்படும்.

இப்போது குன்றைவிட்டுக் கீழே இறங்குவோம். அடிவாரத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை எட்டு மணி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். "இருபதே நாளில் முகச்சுருக்கம் மறையும்" என்று கைபேசியில் யாரோ சொன்ன குறிப்பைப் பார்த்து, அம்மாவுக்காகத் தயார் செய்கிறாள். அம்மா அதை முகத்தில் பூசிக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டப் போகவேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்கிறாள்: "இன்னா கண்ணு அது?"

"எலுமிச்சம்பழம் ஆயா. மூஞ்சியில பூசுனா சுருக்கம் எல்லாம் போயிடுமாம். உனக்கும் பூசட்டுமா?"

ஆயா சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையை ஒதுக்கி, கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே இருந்த தோலைக் காட்டினாள். வழவழவென்று, சுருக்கம் அதிகம் இல்லாமல் இருந்தது. அப்படியே கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். அது கறுத்து, தடித்து, வறண்ட ஏரி போல வரிவரியாக இருந்தது.

"இதுக்கும் அதுக்கும் ஒரே வயசுதானே? அப்புறம் இது மட்டும் ஏன் இப்பிடி ஆச்சு?"

நண்பர்களே, இது சாதாரணக் கேள்வி அல்ல. சுருக்கத்துக்கு வயது மட்டுமே காரணம் என்றால், ஆயாவின் கை முழுவதும் ஒரே மாதிரி அல்லவா இருக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டால், அடுப்பங்கரை அழகு வைத்தியங்களில் எது மெய், எது பொய் என்பதை நாமே தரம் பிரித்துவிடலாம்.

கயிற்றுக் கட்டிலும் விரிப்பும்

முதலில் தோலைப் பார்ப்போம். வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் நமக்கு வேலை எளிது. கட்டிலின்மேல் ஒரு விரிப்பு. அதன் கீழே இழுத்துக் கட்டிய கயிறுகள். தோலின் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான்.

விரிப்பு போன்றது மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ. மட்டுமே. இதன் அடியில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலே நகர்ந்து, கடைசியில் இறந்து, தட்டையான செதில்களாக உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். நாம் தொடும் தோல் உண்மையில் இறந்த செல்களின் அடுக்குதான்.

கயிறுகள் இருப்பது கீழே உள்ள அடித்தோலில். கொலாஜன் என்ற புரத நார்களே அந்தக் கயிறுகள். தோலுக்கு உறுதி தருபவை இவையே. இவற்றோடு எலாஸ்டின் என்ற இன்னொரு வகை நாரும் ரப்பர் போல இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

வயது ஏற ஏறப் புதுக் கயிறு திரிப்பது குறைகிறது. வளர்ந்த மனிதரின் தோலில் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. கயிறு தளர்ந்தால் கட்டில் குழி விழும். விரிப்பும் அதற்கேற்ப மடியும். அந்த மடிப்பைத்தான் சுருக்கம் என்கிறோம்.

இங்கேயே நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. எந்த வைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "இது விரிப்பைச் சரி செய்கிறதா, கயிற்றைச் சரி செய்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். விரிப்பைத் துவைக்கலாம், தேய்க்கலாம், வாசனை போடலாம். அதனால் தளர்ந்த கயிறு இறுகிவிடாது.

வாசலில் நிற்கும் காவல்காரன்

"மேலே பூசுவது உள்ளே இறங்கிக் கயிற்றுக்குப் போய்ச் சேராதா?" என்று கேட்பீர்கள். சேர்வது கடினம். உள்ளே கண்டதும் நுழையாமல் தடுப்பதே மேல்தோலின் முக்கியமான வேலை. அப்படித் தடுக்காவிட்டால் ஏரியில் குளித்தவுடன் நாம் ஊறிப் பருத்துவிட மாட்டோமா?

மூலக்கூறுகளின் எடையை டால்ட்டன் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய 1 டால்ட்டன். சுமார் 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நல்ல நிலையில் உள்ள தோலைத் தாண்டிப் போவது மிக அரிது என்று 2000-ஆம் ஆண்டில் தோல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விதியாகவே எழுதி வைத்தார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம் சுமார் 45,000 டால்ட்டன். பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் சுமார் 23,000. கொலாஜனோ சுமார் 3,00,000! வீட்டு வாசலில் பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால், யானையை அதன் வழியாக உள்ளே அனுப்ப முடியுமா?

500-க்குக் குறைந்த எல்லாம் தாராளமாக உள்ளே போய்விடும் என்றும் நினைக்கவேண்டாம். அது எதில் கரையும், எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதும் முக்கியம்.

இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நுழைவோம்.

முட்டை வெள்ளைக்கரு

முகத்தில் பூசிக் காயவிட்டால் தோல் இறுகினாற்போல் இருக்கும். இது மெய்தான், கற்பனை அல்ல. வெள்ளைக்கருவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி புரதம். நீர் ஆவியாகப் போனதும் புரதம் மெல்லிய ஏடாகிச் சுருங்குகிறது. சுருங்கும்போது கீழே உள்ள தோலையும் இழுக்கிறது. மெல்லிய காகிதத்தில் பூசிக் காயவைத்தால் காகிதம் சுருண்டுகொள்வதைப் பார்க்கலாம். முகத்தைக் கழுவியதும் ஏடும் போய்விடும், இறுக்கமும் போய்விடும். விரிப்பின்மேல் பசை தடவிய கதைதான் இது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும். வாயருகே அதைப் பூசிக்கொள்வது நல்லதல்ல.

தேங்காய் எண்ணெய்

பனிக்காலத்தில் கெண்டைக்காலில் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும். எண்ணெய் தடவினால் உடனே மறையும். காரணம் எளியது. எண்ணெய் ஒரு மூடியாக இருந்து தோலின் நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. நீர் தங்கியதும் இறந்த செல்கள் உப்பி, சிறுசிறு கோடுகள் நிரம்பிவிடுகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு 2004-இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல வறட்சியைக் குறைத்தன.

ஆகவே ஆயாவின் தேங்காய் எண்ணெய் மெய்யான வைத்தியமே. ஆனால் அது வறட்சிக்கு வைத்தியம். வறட்சியால் வந்த கோடு மறையும். கயிறு தளர்ந்து வந்த சுருக்கம் மறையாது. பல வீட்டு வைத்தியங்களுக்குப் பேர் கிடைத்தது இப்படித்தான். வெண்ணெய், பாலாடை, சோற்றுக் கற்றாழை எல்லாம் பூசியவுடன் தோல் மினுமினுக்கிறது. பார்ப்பவர் வயதே குறைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெயை அப்பிக்கொண்டால் பரு அதிகமாகலாம்.

தயிரும் பப்பாளியும்

தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. இந்த அமிலம் இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தளர்த்தும். தோல் மருத்துவத்தில் 5 முதல் 12 சதவீதச் செறிவில் இதைப் பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள், பலனும் கண்டிருக்கிறார்கள். நம் வீட்டுத் தயிரில் இருப்பதோ சுமார் ஒரு சதவீதம்தான். தயிர் பூசினால் முகம் சற்று மென்மையாகும். அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம்.

பப்பாளிக்காயின் பாலில் உள்ள பப்பெய்ன் புரதத்தை அறுக்கும் நொதி. கறி சீக்கிரம் வேகவேண்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துச் சேர்ப்பது இதனால்தான். முகத்திலும் அது மேலே உள்ள செதில்களை அறுக்கும். அதிக நேரம் விட்டால் நல்ல தோலும் எரிந்து சிவக்கும். கறியை மெத்தென்று ஆக்கும் பொருள் முகத்துக்கு மட்டும் கருணை காட்டுமா?

மஞ்சள்

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் 368 டால்ட்டன் எடையுள்ளது. ஆய்வுக்கூடத்தில் அழற்சியைக் குறைக்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் நீரில் கரைவது மிகக் குறைவு, வெளிச்சத்தில் சிதைந்துவிடும்.

மஞ்சளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற வழக்கே நடந்தது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கினார்கள். "இது எங்கள் நாட்டில் காலங்காலமாகத் தெரிந்த செய்தி" என்று நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய சான்றுகளைக் காட்டி எதிர்த்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று.

பெருமைப்படவேண்டிய வெற்றி. ஆனால் அது எதை நிரூபித்தது என்பதைக் கவனமாகப் பாருங்கள். மஞ்சளைப் புண்ணுக்குப் பயன்படுத்தும் வழக்கம் பழையது என்பதை நிரூபித்தது. மஞ்சள் சுருக்கத்தைப் போக்கும் என்று நிரூபிக்கவில்லை. ஒரு பொருள் ஒன்றுக்கு நல்லது என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று முடிவு கட்டுவது நாம் அடிக்கடி செய்யும் தவறு.

எலுமிச்சை: நில்லுங்கள்!

இப்போது கிண்ணத்துக்கு வருவோம். எலுமிச்சையில் வைட்டமின் சி உண்டு. கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. இரண்டும் உண்மை. ஆகவே எலுமிச்சையைப் பூசினால் கொலாஜன் பெருகும் என்பது மட்டும் உண்மை அல்ல. ஆராய்ச்சிகளில் தோலின்மேல் பயன்படுத்தியது பொதுவாக 10 முதல் 20 சதவீத வைட்டமின் சி கரைசல். எலுமிச்சைச் சாற்றில் இருப்பது சுமார் 0.05 சதவீதம். அதாவது இருநூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

பலன் இல்லாததோடு போனால் பரவாயில்லை, தீங்கும் உண்டு. தோலின் இயல்பான பி.எச். சுமார் 5. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். சுமார் 2. பி.எச். ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் சாறு தோலைவிட எத்தனை மடங்கு அமிலம்? ஆயிரம் மடங்கு!

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், சொராலென் வகைப் பொருள்கள் இருக்கின்றன. இருட்டில் இவை சாது. தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், புற ஊதாக் கதிரை உறிஞ்சி, செல்களைச் சிதைத்துவிடும். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத் தோல் சிவந்து கொப்புளம் எழும்பும். கொப்புளம் ஆறிய பிறகு கறுத்த தழும்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும். பூசியது நேற்று, புண் இன்று என்பதால் பலருக்கும் எலுமிச்சைமேல் சந்தேகமே வருவதில்லை.

சொராலென் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசிச் செடியின் தாவரவியல் பெயர் சொராலியா. அதிலிருந்து வந்த பெயர் அது. வெண்படைக்கு அந்த விதையைப் பூசி வெயில் காட்டுவது பழைய வைத்தியம். சொராலென் கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை இன்றைய மருத்துவத்திலும் உண்டு. அங்கே மருந்தின் அளவையும் வெளிச்சத்தின் அளவையும் மருத்துவர் கணக்கிடுகிறார். மல்லாட்டைக் கொல்லையில் யார் கணக்கிடுவது?

ஆகவே அந்தப் பெண்ணிடம் நாம் சொல்லவேண்டியது இதுதான்: கிண்ணத்தில் உள்ள சாற்றில் உப்பும் தண்ணீரும் சேர்த்து அம்மாவுக்குக் குடிக்கக் கொடு. கொல்லையில் தாகத்துக்கு ஆகும். பிழிந்த உன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்.

கயிற்றை அறுப்பது யார்?

இனி ஆயாவின் கேள்விக்கு விடை. முந்தானைக்குள் மறைந்திருந்த தோலுக்கும் புறங்கைத் தோலுக்கும் வயது ஒன்றுதான். வாங்கிய வெயில்தான் வேறு.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றில் குறுகிய அலைநீளம் கொண்ட 'பி' வகை பெரும்பாலும் மேல்தோலோடு நின்று, அதை வேகவைக்கிறது. நீண்ட அலைநீளம் கொண்ட 'ஏ' வகை அடித்தோல்வரை இறங்குகிறது. நிலத்தை வந்தடையும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 95 சதவீதம் இந்த 'ஏ' வகைதான். இக்கதிர்கள் பட்டதும் தோலுக்குள்ளேயே சில நொதிகள் கிளம்பிக் கொலாஜன் கயிறுகளை அறுக்கின்றன. அறுந்ததை உடல் ஒட்டுப்போடுகிறது. ஆனால் ஒட்டு முழுமையாக அமைவதில்லை. இப்படிப் பல்லாயிரம் பகல்கள் சேர்ந்ததே ஆயாவின் புறங்கை.

இதற்கு ஒரு வியப்பான சான்று 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் படத்தோடு வந்தது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. இடது கன்னத்தில் ஆழமான சுருக்கங்கள். வலது கன்னம் பல வயது இளையவருடையதுபோல இருந்தது. அந்த நாட்டில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். சன்னல் கண்ணாடி 'பி' வகையைத் தடுத்தாலும் 'ஏ' வகையை உள்ளே விட்டுவிடும். ஒரே முகம், ஒரே வயது, ஒரே சாப்பாடு. வெயில் மட்டும் ஒரு பக்கம். இயற்கையே நடத்திய பரிசோதனை என்றுதான் சொல்லவேண்டும். நம் நாட்டு ஓட்டுநர்கள் உட்காருவது வலப்பக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெயிலைத் தடுத்தால் சுருக்கம் குறையுமா? ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை இதைச் சோதித்தார்கள். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் தோல் ஒப்பிடப்பட்டது. ஒரு பிரிவினர் வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசினார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி நடந்துகொண்டார்கள். நாலரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தினமும் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் சிலருக்கு, கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். அதனால் பொதுவாகப் பலன் ஒன்றும் தெரியவில்லை.

ஏற்கெனவே விழுந்த சுருக்கத்தை ஓரளவு குறைக்கும் மருந்தும் உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் டிரெட்டினாயின் என்ற அமிலம் அது. 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 30 பேரின் ஒரு முன்கையில் இந்த மருந்தையும் மறு முன்கையில் மருந்தில்லாத களிம்பையும் 16 வாரம் பூசச் செய்தார்கள். எந்தக் கையில் எது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்தவருக்கும் தெரியாது. மருந்து பூசிய கை தேறியிருந்தது. ஆனால் பெரும்பாலோருக்குத் தோல் சிவந்து எரிந்தது. கருவுற்ற பெண்கள் இதைப் பயன்படுத்தக்கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றித் தொடவேண்டிய மருந்து அல்ல இது.

ஆயா கேட்டதும் கையைக் கையோடு ஒப்பிட்டுத்தான் அல்லவா? விஞ்ஞானிகள் செய்ததும் அதையேதான்!

கறுப்பு ஒரு குடை

சுருக்கத்துக்கென்று தொடங்கும் பூச்சு, நிறத்தை வெளுக்கவைக்கும் ஆசையில் போய் முடிவதைப் பார்க்கிறோம். இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்ற நிறமி. மேல்தோல் செல்லுக்குள் அது கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. மரபுப் பொருள் இருக்கும் உட்கருவின் மேற்புறத்தில், வெயில் வரும் திசையில், குடை விரித்தாற்போல் கவிந்து நிற்கிறது. மிகக் கறுத்த மேல்தோல் 'பி' வகைக் கதிரில் சுமார் 7 சதவீதத்தையே கீழே விடுகிறது. வெள்ளையரின் மேல்தோல் சுமார் 24 சதவீதத்தை விட்டுவிடுகிறது. கறுப்பு குறை அல்ல. பிறவியிலேயே கிடைத்த குடை.

இந்தக் குடையைக் கிழிப்பதற்காக விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர்வரை ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள்! தயாரித்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை ஒருபோதும் வாங்காதீர்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு எளிய பரிசோதனைகள்.

ஒன்று: வெள்ளைத் துணியை மஞ்சள் கரைத்த நீரில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயிலில் வையுங்கள். மாலையில் அட்டையை எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட பாதி வெளுத்திருக்கும்; வெளுப்பு போதவில்லையென்றால் மறுநாளும் வையுங்கள். மஞ்சளின் மூலக்கூறுகளை வெளிச்சம் உடைத்துவிட்டது. ஒரு பகல் வெயில் துணியில் இதைச் செய்யுமானால், நாற்பது ஆண்டு வெயில் தோலில் என்ன செய்யும்?

இரண்டு: உங்கள் ஒரு கெண்டைக்காலில் மட்டும் ஏழு நாள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மறுகாலில் ஒன்றும் வேண்டாம். எட்டாம் நாள் இரண்டையும் கழுவித் துடைத்துவிட்டு, எந்தக் கால் என்று சொல்லாமல் நண்பரிடம் காட்டி, வறட்சி எதில் குறைவு என்று கேளுங்கள். ஒப்பிட ஒரு கால், விவரம் தெரியாத ஒரு நடுவர். இவ்விரண்டும் இல்லாமல் "எனக்குப் பலித்தது" என்று யார் சொன்னாலும் அது சான்று ஆகாது. எலுமிச்சையையும் பப்பாளிப் பாலையும் வைத்து மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மீண்டும் குடை

பனமலையில் ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கம்புக்கு அப்போது நிழலே இராது. புற ஊதாக் கதிரின் கடுமையை அளக்கும் எண் ஏப்ரல், மே மாத நண்பகலில் 11-ஐத் தாண்டுவது நம் பகுதியில் வழக்கம். 'மிக மிகக் கடுமை' என்ற கடைசிப் படி அங்கேதான் தொடங்குகிறது. இதை அறியக் கருவி வேண்டாம். உங்கள் நிழலே போதும். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பொருள்.

உழைப்பவர் வெயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆனால் களை வெட்டும் பெண்கள் சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்களே, அது வெறும் பழக்கம் அல்ல. சிறந்த தோல் வைத்தியம். நெருக்கமாக நெய்த துணி நல்லது. நைந்த மெல்லிய துணி, அதுவும் நனைந்துவிட்டால், கதிரை அதிகம் உள்ளே விடும். வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அப்பாவோ தாத்தாவோ பீடி பிடித்தால் அதை விடச் சொல்லுங்கள். புகையும் சுருக்கத்தை விரைவுபடுத்துகிறது.

குன்றின்மேல் இருக்கும் அம்மனை இப்போது நினைத்துப் பாருங்கள். ஓவியன் அந்தக் குடையை வரைந்தது தெய்வத்தின் பெருமைக்காக; புற ஊதாக் கதிரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தோலின் இளமைக்கு நாம் அறிந்த மிக மலிவான, மிக உறுதியான வழி எது என்று கேட்டால், அவள் தலைக்குமேல் இருப்பதைத்தான் காட்டவேண்டும்.

இன்று மாலை உங்கள் ஆயாவின் அருகில் உட்கார்ந்து அவர் கையைத் திருப்பிப் பாருங்கள். புறங்கையின் ஒவ்வொரு வரியும் அவர் நட்ட நாற்றையும் வெட்டிய களையையும் சொல்லும். அதை அழிக்க எலுமிச்சம்பழம் தேடவேண்டாம். நாளைக் காலை கொல்லைக்குக் கிளம்பும் அம்மாவின் கையில் ஒரு துண்டை எடுத்துக் கொடுங்கள், அது போதும்.